ஏழிமலையில் அதிகாரிகளை எப்படி வார்க்கிறார்கள்? ஒரு பழைய மாலுமியின் கேள்வி பதில்

இந்தியக் கடற்படையில் 15 ஆண்டுகள் மாலுமியாக வேலை பார்த்துவிட்டு நாகப்பட்டினம் பக்கம் ஊரோடு வந்து உட்கார்ந்துவிட்டேன். பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி வீட்டுக்கு வந்து, "அதிகாரி ஆகணும்னா என்ன சொல்லித்தருவாங்க, எப்படிப்பட்ட ஆளாக்கி அனுப்புவாங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நீங்கள் அதிகாரியே இல்லையே, அதிகாரிப் பயிற்சி பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

நியாயமான கேள்வி. நான் ஏழிமலையில் படித்தவன் இல்லை. ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்துக் கப்பலேறியவன். ஆனால் என் வேலை ஹெல்ம்ஸ்மேன், அதாவது பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், சுக்கான் பிடிப்பவன். பயிற்சி முடித்து வரும் இளம் அதிகாரி முதன்முதலாகக் கப்பலை ஓட்டக் கற்கும்போது நாலடி தூரத்தில் நிற்பது என்னைப் போன்றவன்தான். அவர் குரல் நடுங்குவது கேப்டனுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். சமையல் ருசியைச் சமைத்தவரைவிடச் சாப்பிட்டவரிடம் கேட்பது நல்லது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பயிற்சி எங்கே, எத்தனை வருடம்?

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஏழிமலை. இந்தியக் கடற்படை அகாடமிக்கு அங்கே 1987இல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதற்கு முன்பு அகாடமி கொச்சியிலும் பிறகு கோவாவிலும் இருந்தது. பிளஸ் டூ முடித்து நேரே சேர்பவர்களுக்கு நான்கு வருட பி.டெக். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக வருபவர்கள், அங்கே மூன்று வருடம் முடித்துவிட்டு ஏழிமலைக்கு வருவார்கள். பட்டதாரிகளுக்குக் குறுகிய பயிற்சி. அதன் பிறகு கொச்சியைத் தளமாகக் கொண்ட முதல் பயிற்சி அணியின் கப்பல்களில் சுமார் ஆறு மாதம் கடல். அதற்கும் பிறகுதான் போர்க்கப்பல்.

கடற்படையின் விழுமியங்கள் என்று ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

இருக்கிறது. கடமை, மானம், துணிவு என்று மூன்று சொற்கள். ஏழிமலையில் பாசிங் அவுட் பரேடுக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் வழக்கமாக இந்த மூன்றையும் நினைவூட்டிவிட்டுத்தான் போவார்கள். கடற்படையின் முத்திரை வாசகம் "ஷம் நோ வருணஹ". வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று பொருள். அதைப் பரிந்துரைத்தவர் நம் ராஜாஜி.

இவற்றைவிட ஆழமாக இறங்கும் வாசகம் ஒன்று உண்டு. அது கடற்படையில் பிறந்ததுகூட இல்லை. 1932இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் திறந்துவைத்தபோது அப்போதைய தளபதி செட்வுட் பேசியது. முதலில் நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும். அடுத்து உன் கீழ் இருப்பவர்களின் மானமும் நலமும் வசதியும். கடைசியில்தான் உன் சுகம், எப்போதும் கடைசியில்தான். முப்படை அதிகாரிகளும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். மனப்பாடமாகச் சொல்பவர்கள் எல்லாரும் அப்படி நடப்பார்களா என்றால், அது வேறு கேள்வி. நடுவில் உள்ள வரியைக் கவனியுங்கள். "உன் கீழ் இருப்பவர்கள்" என்றால் என்னைப் போன்றவர்கள். நான் அதிகாரிகளை அளந்த கோல் அந்த ஒரு வரிதான்.

இதையெல்லாம் வகுப்பில் பாடமாக நடத்துவார்களா?

தலைமைப் பண்பு பற்றிய வகுப்புகள் உண்டு, கடற்படை வரலாறு உண்டு, போர்ச் சட்டம் உண்டு. ஆனால் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மானம் வந்துவிடாது என்று அங்கே உள்ளவர்களுக்கும் தெரியும். விடியுமுன் எழுப்பி ஓடவிடுவது, பரேடு, பிறகு கணக்கும் எலக்ட்ரானிக்ஸும், மாலையில் படகு, விளையாட்டு, இரவில் படிப்பு என்று நாள் முழுக்க நேரத்தைப் பறித்துக்கொள்வார்கள். தூக்கமும் நேரமும் பற்றாதபோது ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் பாடம்.

சேர்ந்த புதிதில் உத்தரவு வாங்க மட்டும்தான் உரிமை. ஒருவன் பெல்ட் பளபளக்கவில்லை என்றால் அந்தப் பிரிவே ஓடும். அநியாயமாகத் தோன்றும். கப்பலில் ஒருவன் வால்வை மூட மறந்தால் தண்ணீர் எல்லார் அறைக்கும் வரும். அந்தக் கணக்கை ஷூ பாலிஷில் ஆரம்பிக்கிறார்கள். மூத்த கேடட் (பயிற்சி மாணவன்) ஆனதும் ஜூனியர்களின் பொறுப்பு அவன் தலையில் விழும். நேற்றுவரை திட்டு வாங்கியவன் இன்று இன்னொருவனுக்காகத் திட்டு வாங்குவான். மாற்றம் அந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது என்று பல அதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மாலுமிகளின் சாப்பாடு, லீவு பற்றியெல்லாம் அதிகாரி ஏன் கவலைப்பட வேண்டும்?

1946 பிப்ரவரி 18. பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற சிக்னல் பள்ளி. வாயில் வைக்க முடியாத சாப்பாடு, அதைவிட மோசமாக, இந்திய மாலுமிகளை இனத்தைச் சொல்லிக் கேவலமாகப் பேசிய வெள்ளைக்கார கமாண்டர். மாலுமிகள் சாப்பாட்டை மறுத்தார்கள். ஐந்தே நாளில் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று அது கராச்சி, கல்கத்தாவரை பரவியது. விடுதலைக்கான வேகம் அதில் இருந்தது உண்மை. ஆனால் தீக்குச்சி கிழிக்கப்பட்டது சாப்பாட்டுத் தட்டில். அதிகாரிகள் தங்கள் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கோபம் அவர்கள் காதுக்கு முன்பே எட்டியிருக்கும்.

அதனால்தான் "டிவிஷனல் சிஸ்டம்" என்ற ஏற்பாட்டை அதிகாரிப் பயிற்சியிலேயே ஊறவைக்கிறார்கள். ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர். லீவு, கடன், குவார்ட்டர்ஸ், பிரமோஷன், பெண்டாட்டிக்குப் பிரசவம், தம்பிக்குக் கல்யாணம் எல்லாம் அவர் காதுக்குப் போகவேண்டும். பெரும்பாலும் அவருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். நாற்பதைத் தொடும் பெட்டி ஆபீசருக்கு, அதாவது மூத்த மாலுமிக்கு, அந்தப் பையன் அப்பா மாதிரி இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் நடக்கும். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த செய்தி கப்பலுக்கு வந்தபோது நான் சுக்கானில் இருந்தேன். வாட்ச், அதாவது என் முறை வேலை, முடிந்து இறங்கி வந்தால் என் லீவு தாள் கையெழுத்தோடு மேசையில் இருந்தது, மங்களூரிலிருந்து எந்த ரயில் என்ற விவரத்தோடு. அந்த அதிகாரியின் கமாண்டு குரலோ, கப்பல் ஓட்டும் திறமையோ பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னால் எங்கள் மெஸ்டெக் (மாலுமிகள் தங்கும் தளம்) முழுக்க எழுந்து நிற்கும்.

எதிர் மாதிரியும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் தன் டிவிஷனில் இருந்தவர்களின் பெயர் தெரியாமல் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர். அவருக்குக் கீழே யாரும் உத்தரவை மீறவில்லை. கேட்டதைச் செய்தோம், கேட்காததைச் செய்யவில்லை. கப்பலில் பாதி வேலை யாரும் கேட்காமலே செய்யவேண்டியது.

கேள்வி கேட்காமல் கீழ்ப்படியத்தானே சொல்லித்தருகிறார்கள்? அப்படி வளர்ந்தவர் எப்படித் தலைவராவார்?

இதைத்தான் படித்த பெற்றோர்கள் அதிகம் கேட்கிறார்கள். முதலில் சட்டம். 1957ஆம் ஆண்டு கடற்படைச் சட்டம் கீழ்ப்படியச் சொல்வது சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்கு. எந்த உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டது என்று பிரித்துப் பார்க்க அதிகாரிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆனால் சட்டம் வரை போகவேண்டிய தருணம் வாழ்நாளில் வராமலே போகலாம். தினமும் வரும் சோதனை வேறு. கேப்டன்கள் தங்கள் நிலையான உத்தரவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள்: சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு. இன்ன தூரத்துக்குள் வேறு கப்பல் வந்தால் கூப்பிடு. இளம் அதிகாரிக்கு இது கேட்க எளிது, செய்யக் கஷ்டம். இரவு இரண்டு மணி. கேப்டன் 20 மணிநேரம் கழித்து இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறார். கூப்பிட்டால் "இதைக்கூடச் சமாளிக்கத் தெரியாதா" என்று நினைப்பாரோ? தனியாக வாட்ச் பார்க்கத் தகுதி தரும் வாட்ச்கீப்பிங் டிக்கெட் தள்ளிப்போகுமோ?

2017 ஜூன் 17 அதிகாலை ஜப்பான் கரைக்கு அருகே அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது. படுத்திருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து ஏழு மாலுமிகள் செத்தார்கள். விசாரணையில் தெரிந்தவற்றில் ஒன்று: கேப்டனின் உத்தரவுப்படி அவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் பிரிட்ஜில் இருந்த அதிகாரி கூப்பிடவில்லை. ராடார், கம்ப்யூட்டர் எல்லாம் இருந்த கப்பல். சுமார் இரண்டு மாதம் கழித்து அதே படையின் இன்னொரு கப்பல் சிங்கப்பூர் அருகே மோதி பத்துப் பேர் இறந்தார்கள். இதெல்லாம் உலகம் முழுக்க அதிகாரிப் பயிற்சியில் பேசவேண்டிய பாடம்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். மேற்குக் கரையில் நடு இரவு வாட்ச், 12 முதல் 4. முன்னால் இரண்டு படகு விளக்கு. இடைவெளி தாராளம். வாட்சில் இருந்த சப் லெப்டினன்ட் நடுவில் புகுந்து போகலாம் என்று கணக்குப் போட்டார். ஹெல்ம்ஸ்மேன் வாயைத் திறக்கக்கூடாது. உத்தரவைத் திரும்பச் சொல்வதும், சுக்கான் திரும்பியதும் அதைச் சொல்வதும்தான் என் பேச்சு. ஆனால் நான் மீன்பிடி வீட்டுப் பிள்ளை. இரண்டு விளக்கும் ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. "சார், இரட்டைமடி இழுக்கிறான் போல, நடுவில் வலை இருக்கும்" என்றேன். இரட்டைமடி என்றால் இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது. அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைத்து, போனை எடுத்துக் கேப்டனைக் கூப்பிட்டார். கேப்டன் செருப்போடு மேலே வந்து, பைனாகுலரில் பார்த்து, "சுற்றிப் போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. காலையில் அந்த சப் லெப்டினன்ட் என்னிடம் வந்து, இரட்டைமடிக்கும் சாதாரண இழுவைக்கும் விளக்கு எப்படி வித்தியாசப்படும் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்டார்.

கீழே இருப்பவன் சொன்னதைக் கேட்டார், மேலே இருப்பவரை எழுப்பத் தயங்கவில்லை. ஏழிமலையில் நான்கு வருடம் செலவழித்து இதைத்தான் வரவழைக்கப் பார்க்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

கப்பல் தரைதட்டினால் கேப்டன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். எல்லா நாட்டுக் கடற்படையிலும் இந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவின் அன்னாபோலிஸ் அகாடமியில் முதலாண்டு மாணவனுக்கு ஐந்தே பதில்கள்தான் அனுமதி: ஆம் ஐயா, இல்லை ஐயா, அப்படியே ஐயா, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் ஐயா, சாக்கு எதுவும் இல்லை ஐயா. எனக்கு நாலாவது பதில்தான் பிடிக்கும். தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லும் ஆள் கடலில் ஆபத்தானவர்.

நம் நாட்டில் பெரிய உதாரணம் அட்மிரல் டி.கே. ஜோஷி. 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26 அன்று சிந்துரத்னாவில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தலைவர் பதவியை ஜோஷி ராஜினாமா செய்தார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இரண்டு நீர்மூழ்கியிலும் அவர் கையால் எதுவும் நடக்கவில்லை. அவர் போனதால் நீர்மூழ்கி பழுதுபார்ப்பு ஒரே இரவில் சரியாகிவிடுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். அவர் செய்தது சரி என்றுதான் எங்கள் மெஸ்ஸில் பேசிக்கொண்டோம். ஆனால் அதே நாளில் அவருக்கு மேலே டெல்லியில் இருந்த யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை என்பதையும் பேசிக்கொண்டோம்.

கப்பலோடு மூழ்குவதுதான் கேப்டனுக்கு அழகா?

1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே, பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மகாவீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப் பின் வந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது மூழ்கியதை மட்டும் சொல்லிப் புல்லரிக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆட்களை முடிந்தவரை வெளியே தள்ளினார், தன் ஜாக்கெட்டைக் கொடுத்தார். சொல்லவேண்டியது அதுதான். செட்வுட்டின் இரண்டாவது வரியை ஒருவர் நிஜமாகச் செய்து காட்டிய இடம் அது.

தண்டனை, ரக்டா எல்லாம் இருக்குமாமே? பையன் தாங்குவானா?

இருக்கும். ரக்டா என்றால் முன்னுருளல், தண்டால், வெயிலில் ஓட்டம். பட்டி பரேடு என்று ஒன்று: சில நிமிடத்துக்கு ஒருமுறை உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து நிற்கவேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு உடுப்பு. இவற்றால் நெருக்கடியிலும் கை நடுங்காமல் வேலை பார்க்கும் பழக்கம் வருகிறது என்பது ஒரு கட்சி. ஓரளவு உண்மைதான்.

ஆனால் உடலை வருத்துவதும் மனிதனை அவமதிப்பதும் ஒன்றில்லை. சீனியருக்கு இந்தக் கோடு தெரியவில்லை என்றால், அவன் தலைமையைக் கற்கவில்லை, ருசி கண்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். ஏழிமலைக்கே இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. சங்கப் பாடல்கள் சொல்லும் ஏழிற்குன்றம் இதுதான், நன்னனின் மலை. ஆற்றில் மிதந்துவந்த மாங்காயைத் தின்ற ஒரு பெண்ணுக்கு நன்னன் என்ற பெயருடைய அரசன் மரணதண்டனை கொடுத்தான். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்றும் கேட்கவில்லை. பரணர் அவனைப் "பெண்கொலை புரிந்த நன்னன்" என்றே பாடிவைத்துவிட்டார். ஏழிமலையை ஆண்ட கொங்காணத்து நன்னன்தான் அவன் என்று பலரும் சொல்வார்கள். ஒரு மாங்காய்க்கு உயிர் கேட்டவன் பெயர் இரண்டாயிரம் வருடமாக அந்த மலையைவிட்டுப் போகவில்லை. தண்டனை கொடுக்கும் உரிமையைக் கையில் வாங்கும் ஒவ்வொரு கேடட்டுக்கும் இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ராணுவ அகாடமிகளில் பயிற்சியின்போது காயம்பட்டு, ஊனமுற்று வெளியே அனுப்பப்பட்ட கேடட்டுகளுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடைப்பதில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. சேர்க்கும் முன் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் போகலாமா?

தாராளமாக. 1992இலிருந்தே கடற்படையில் பெண் அதிகாரிகள் உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமி 2022இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது; 2025 மே மாதத்தில் முதல் அணியாக 17 பெண்கள் அங்கே பயிற்சி முடித்தார்கள். 2017இல் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டு 254 நாளில் திரும்பினார்கள். 2024 அக்டோபரில் இரண்டே பேர், கேரளத்து தில்னாவும் நம் புதுச்சேரி ரூபாவும், அதே தாரிணியில் கிளம்பி 2025 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார்கள்.

ஏவுகணைக் காலத்தில் பாய்மரக் கப்பல் எதற்கு?

ஐ.என்.எஸ். தரங்கிணி 1997இல் படையில் சேர்ந்தது, மூன்று பாய்மரம். பயிற்சி மாணவர்களை அதில் ஏற்றுகிறார்கள். காற்றுக்கு ரேங்க் தெரியாது. ஒரு கயிற்றை இழுக்கப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும். வாந்தி எடுத்தபடியே இழுத்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் யார் என்று வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே?

நிறைய அப்படித்தான். 2022 செப்டம்பர் 2 அன்று கொடியிலிருந்து சிலுவையை எடுத்துவிட்டுச் சிவாஜியின் முத்திரையை ஒட்டிய எண்கோணச் சின்னத்தை வைத்தார்கள். முள்கரண்டியும் கத்தியும் இன்னும் இருக்கின்றன. ராமநாதபுரத்துப் பையன் முதல் வாரம் பசியோடுதான் எழுந்திருப்பான். டிவிஷனல் சிஸ்டமும் அங்கிருந்து வந்ததுதான். அதை யாராவது எடுக்க வந்தால் நான் சண்டைக்குப் போவேன்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

ஆங்கிலம் வேண்டும், ஆனால் நுனிநாக்கு ஆங்கிலம் தேவையில்லை. எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) தேர்வில் ஐந்து நாள் வைத்து 15 குணங்களைப் பார்க்கிறார்கள். உச்சரிப்பு அந்தப் பட்டியலில் கிடையாது. இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவர் கட்டாரி, 1958இல் பொறுப்பேற்றவர், செங்கல்பட்டில் பிறந்தவர். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962இலிருந்து பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகிறது. கோயம்புத்தூரில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, அங்கே எங்களைப் போன்ற மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி தருகிறார்கள். தலைமை அதிகாரிகளுக்கு மட்டுமான விஷயம் என்று கடற்படையே நினைக்கவில்லை.

மர்ச்சண்ட் நேவியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது சரக்குக் கப்பல் வேலை. அதற்குச் சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே வரவேண்டும் என்றால் யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு ஒரு வழி. ஜே.இ.இ. மெயின் ரேங்க்கை வைத்து ஏழிமலை பி.டெக். இன்னொரு வழி. இரண்டுக்கும் எஸ்.எஸ்.பி.யும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போதே வாருங்கள், கண் பார்வையும் தட்டைப்பாதமும் முதலில் பார்த்துவிடலாம்.